வர்த்தமானியின் முதல் பந்தியைப் படியுங்கள்

திருகோணமலையில் புதிதாக ஒரு தடை, ஒரு கட்டணம், ஓர் எல்லைக்கல் எது வந்தாலும் மீன் சந்தையிலிருந்து கச்சேரி (மாவட்டச் செயலகம்) வாசல் வரை ஒரே பேச்சுத்தான்: “கெசட் வந்திட்டுதாம், இனி ஒண்டும் செய்யேலாது.” இதில் பாதி சரி, பாதி பிழை. கெசட், அதாவது அரசாங்க வர்த்தமானி, 1802 ஆம் ஆண்டிலிருந்து வெளிவருகிற ஒரு பத்திரிகை. அரச வேலை விளம்பரமும் அதில்தான் வரும், கேள்விப்பத்திர அறிவித்தலும் அதில்தான் வரும். ஆனால் அதே தாளில் வருகிற சில அறிவித்தல்கள் பாராளுமன்றம் கையுயர்த்தி நிறைவேற்றிய சட்டத்துக்குள்ள பலத்தோடு நம்மைக் கட்டும், மீறினால் பொலிஸ் வரும், நீதவான் தண்டம் போடுவார். இந்த வகைக்குத்தான் கையளிக்கப்பட்ட சட்டவாக்கம் என்று பெயர், துணைநிலைச் சட்டவாக்கம் என்றும் சொல்வார்கள். பாராளுமன்றம் ஒரு சட்டத்தைப் போடும்போது விபரங்களுக்கான இடத்தை வெறுமையாக விட்டு, “இதை நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள்” என்று ஓர் அமைச்சரிடமோ அதிகாரசபையிடமோ உள்ளூராட்சி மன்றத்திடமோ கொடுக்கிறது. அப்படிக் கொடுக்கிற சட்டம் தாய்ச் சட்டம், அதன் கீழ் பிறப்பது துணைச் சட்டம்.

கரைவலைத் தொழில் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி வலையையும் தோணியையும் தருகிறார், எந்தப் பாட்டில், அதாவது வலை வளைக்கும் எந்தக் கரைத்துண்டில், வளைப்பது என்று சொல்கிறார். எத்தனை மணிக்கு வளைப்பது, நீரோட்டம் எப்படி, இன்றைக்கு வேண்டாமா என்பதையெல்லாம் கரையில் நிற்கிற பொறுப்பாள்தான் முடிவெடுக்கிறார், அதற்காகச் சம்மாட்டி விடிய விடிய வந்து நிற்பதில்லை. ஆனால் அந்தப் பொறுப்பாள் பக்கத்துப் பாட்டில் போய் வளைக்க முடியாது, வலையை விற்க முடியாது, தன்னிடம் தந்த பொறுப்பைத் தன்னிஷ்டத்துக்கு இன்னொருவரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகவும் முடியாது. பாராளுமன்றம்தான் சம்மாட்டி, அமைச்சர் கரையில் நிற்கிறவர். இப்படியான ‘முடியாது’கள் பிறகு நீதிமன்றத்தில் வரும்.

ஏன் கொடுக்க வேண்டும், பாராளுமன்றமே எல்லாவற்றையும் செய்தால் என்ன என்று கேட்கலாம். 225 பேர் உட்கார்ந்து வலைக் கண்ணின் அளவையும் பூச்சிமருந்துகளின் பட்டியலையும் நிலாவெளிப் பக்கம் எந்த எல்லைக்குள் படகு ஓடலாம் என்பதையும் வரிவரியாக விவாதித்தால் வேறு எந்த வேலையும் நடக்காது. நேரமும் இல்லை, எல்லாருக்கும் அந்த நுணுக்கம் தெரிந்திருக்கவும் இல்லை. மாறுகிற விடயத்துக்கு ஒவ்வொரு தடவையும் திருத்தச் சட்டம் கொண்டு போகவும் முடியாது.

ஆனாலும் இதற்கு அரசியலமைப்பிலேயே ஒரு பூட்டு இருக்கிறது. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 76 ஆவது உறுப்புரை, பாராளுமன்றம் தன் சட்டமாக்கும் அதிகாரத்தைக் கைவிடவோ பராதீனப்படுத்தவோ (பிறருக்கு எழுதிக் கொடுத்துவிடவோ) கூடாது, சட்டமாக்கும் அதிகாரமுள்ள இன்னோர் அமைப்பை உருவாக்கவும் கூடாது என்கிறது. அதே உறுப்புரைதான், குறித்த நோக்கங்களுக்காகத் துணைச் சட்டம் செய்யும் அதிகாரத்தை ஒருவருக்கோ ஒரு சபைக்கோ கொடுக்கலாம் என்றும் சொல்கிறது. ஒரு சட்டம் எந்த நாளில் நடைமுறைக்கு வரும் என்று குறிப்பது, ஒரு சட்டத்தை ஒரு பிரதேசத்துக்கு அல்லது ஒரு வகை ஆட்களுக்குப் பொருந்தச் செய்வது போன்றவை அதில் பெயர் சொல்லியே இருக்கின்றன. கொடுக்கலாம், ஆனால் எதற்காக என்று குறித்துக் கொடுக்க வேண்டும்.

சரி, ஒரு வர்த்தமானியைக் கையில் எடுத்தால் எப்படிப் பார்ப்பது? 2226/48 என்று ஓர் இலக்கம் இருந்தால், முதல் எண் அந்த வாரத்து வர்த்தமானிக்குரியது, சாய்கோட்டுக்குப் பின்னால் உள்ளது அந்த வாரத்தில் வந்த எத்தனையாவது அதிவிசேட வர்த்தமானி என்பது. வழமையானது வெள்ளிக்கிழமை வரும், அதிவிசேடம் எப்போதும் வரலாம், நள்ளிரவிலும் வரும். அப்புறம் எல்லாரும் நேரே தடைப்பட்டியலுக்குப் போய்விடுவார்கள். நான் சொல்வது, முதலில் தலைப்புக்குக் கீழே உள்ள முதல் பந்தியைப் படியுங்கள். “இன்ன ஆண்டின் இன்ன இலக்கச் சட்டத்தின் இன்ன பிரிவினால் எனக்கு அளிக்கப்பட்டுள்ள தத்துவங்களின் பயனைக் கொண்டு...” என்று தொடங்குகிற, வாயில் நுழையாத அந்த நீண்ட வசனம்தான் முழு ஆவணத்தின் உயிர் (தத்துவம் என்றால் இங்கே அதிகாரம்). யார் செய்தார், எந்தச் சட்டம் அவருக்கு அந்த அதிகாரத்தைத் தந்தது என்ற இரண்டும் அதில் இருக்கும். அதில் குறிப்பிட்ட பிரிவை எடுத்துப் பார்த்து, இவ்வளவும் செய்ய அது இடம் தருகிறதா என்று கேட்பதுதான் முதல் கேள்வி. சட்டத்தரணிகளும் அங்கேதான் தொடங்குகிறார்கள்.

மேலே சொன்ன 2226/48 கற்பனை இலக்கமல்ல. 2021 மே 6 ஆம் திகதி வந்த அந்த வர்த்தமானிதான் இரசாயன உரத்தையும் விவசாய இரசாயனங்களையும் இறக்குமதி செய்வதை நிறுத்தியது. தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் மூதூரிலும் வயல் செய்கிறவர்களுக்கு அதற்குப் பிறகு வந்த பெரும்போகம் எப்படி இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது, ‘உரத் தடைச் சட்டம்’ என்று ஒரு சட்டம் பாராளுமன்றத்துக்கு வரவே இல்லை. 1969 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க இறக்குமதி, ஏற்றுமதி (கட்டுப்பாட்டு)ச் சட்டத்தின் கீழ் நிதி அமைச்சர் செய்த ஓர் ஒழுங்குவிதி அது. அந்தச் சட்டம் போடப்பட்ட காலத்தில் இருந்தவர்கள், ஒரு நாள் நாட்டின் முழு விவசாயமும் இதன் ஒரு பிரிவில் தொங்கும் என்று நினைத்திருப்பார்களா தெரியாது. அதே ஆண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டபோதும் சட்டம் எதுவும் மாறவில்லை, இன்னொரு வர்த்தமானி வந்தது, அவ்வளவுதான். வேகமாக வரவும் போகவும் முடிவது இந்த முறையின் வசதி, அதன் ஆபத்தும் அதுவே.

இனி வகைகள். பாடப்புத்தகங்களில் இதை ஒரு அட்டவணையாகப் போடுவார்கள், நடைமுறையில் எல்லைகள் அவ்வளவு சுத்தமாக இல்லை. 1901 ஆம் ஆண்டின் பொருள்கோடல் கட்டளைச் சட்டமே விதிகள் என்ற சொல்லுக்குள் ஒழுங்குவிதிகளையும் உப விதிகளையும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறது.

அதிகமாகக் கண்ணில் படுவது ஒழுங்குவிதிகள். தாய்ச் சட்டத்தை நடத்திச் செல்லத் தேவையான பொதுவான விபரங்களை அமைச்சர் செய்வது. கடற்றொழிலை எடுங்கள். 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளங்கள் சட்டத்திலேயே வெடி வைத்து மீன் பிடிப்பது குற்றம். இழுவை மடிக்கு, அதாவது கடலடியை வாரி இழுக்கும் வலைக்கு, எதிரான தடை 2017 இல் அந்தச் சட்டத்துக்குத் திருத்தமாகப் பாராளுமன்றத்தில் வந்தது. ஆனால் தங்கூசி (ஒற்றை நைலோன் இழை) வலைத் தடை 2006 இல் ஒழுங்குவிதியாக வந்தது, கரைவலைக்கென்று முந்திய சட்டத்தின் கீழ் 1984 இல் செய்யப்பட்டவையும் ஒழுங்குவிதிகளே. கடலில் நிற்கிறவருக்கு எல்லாம் தடைதான், எல்லாவற்றுக்கும் நேவி வரும். வித்தியாசம் மாற்ற நினைக்கும்போது தெரியும்: வெடியையும் இழுவையையும் பற்றிய தடையில் கை வைக்கப் பாராளுமன்றம் வேண்டும், தங்கூசிக்கு அமைச்சரின் கையெழுத்தும் ஒரு வர்த்தமானியும் போதும். நம் ஊரில் ஓயாத சுருக்குவலைத் தகராறும் பெரும்பாலும் தாய்ச் சட்டத்தைப் பற்றியதல்ல, ஒழுங்குவிதியையும் அனுமதிப்பத்திர நிபந்தனையையும் பற்றியது. ஆகவே மகஜர் கொடுக்கப் போகும் சங்கங்கள், யாரிடம் எதை மாற்றச் சொல்கிறோம் என்று முதலில் தெரிந்துகொண்டு போனால் ஒரு பயணமாவது மிஞ்சும்.

கட்டளை என்பது கொஞ்சம் வேறு. ஒழுங்குவிதி பொதுவாகப் பேசும், கட்டளை ஒரு குறிப்பிட்ட இடத்தையோ பொருளையோ சுட்டிப் பேசும். நிலாவெளிக்கு முன்னால் உள்ள புறாத்தீவு 1963 இல் சரணாலயமாகவும் 2003 இல் தேசிய பூங்காவாகவும் ஆனது இப்படித்தான், 1937 ஆம் ஆண்டின் விலங்கினத் தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் தந்த அதிகாரத்தைக் கொண்டு எல்லையைக் குறித்து வெளியிட்ட கட்டளை. (கட்டளைச் சட்டம் வேறு, கட்டளை வேறு. முன்னது வெள்ளைக்காரன் காலத்துச் சட்டசபை போட்ட முழுச் சட்டம். இந்தக் குழப்பம் எல்லாருக்கும் வரும்.) தொல்லியல் ஒதுக்கம், ஒதுக்கிய காடு என்று நம் மாவட்டத்தில் காணிப் பிரச்சினை கிளம்பும் இடங்களிலும் பெரும்பாலும் இப்படியொரு கட்டளை பின்னால் இருக்கும், அதன் அட்டவணையில் வடக்கே எது, கிழக்கே எது என்று நான்கு எல்லையும் எழுதியிருக்கும். அந்த அட்டவணையை வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் நடக்கிற வாக்குவாதம் வெறும் சத்தம்.

வரியிலும் கட்டளை வரும். பாராளுமன்றத்தின் அனுமதி இல்லாமல் வரி கூடாது என்பது அரசியலமைப்பு, ஆனால் 2007 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்க விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டம் சீனி, பருப்பு, வெங்காயம் போன்ற சாமான்களின் அறவீட்டை நிதி அமைச்சர் கட்டளையால் கூட்டிக் குறைக்க இடம் தருகிறது. 2020 ஒக்டோபர் 13 ஆம் திகதி இறக்குமதிச் சீனியின் அறவீடு கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதத்துக்கு இறங்கியது. அன்றைக்குக் கடையில் நம் தேநீருக்கான சீனி விலை அந்த அளவுக்கு இறங்கவில்லை என்பதும் அதன் பிறகு எழுந்த சத்தமும் உங்களுக்கு நினைவிருக்கும்.

உப விதிகள் நம் வாசலுக்கு மிகக் கிட்டவானவை. பிரதேச சபைகளுக்கு 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம், நகர, மாநகர சபைகளுக்கு அவற்றின் கட்டளைச் சட்டங்கள் இந்த அதிகாரத்தைத் தருகின்றன. சந்தை, இறைச்சிக்கடை, விளம்பரப் பலகை, குப்பை, விடுதி என்று சபை எல்லைக்குள் உள்ள விடயங்கள். சபையில் தீர்மானம் நிறைவேறினால் மட்டும் போதாது, உள்ளூராட்சிக்குப் பொறுப்பான அமைச்சரின் அங்கீகாரம் வேண்டும், வர்த்தமானியில் வர வேண்டும். கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 இல் முடிந்தபிறகு மாகாண அமைச்சர் என்று ஒருவர் இல்லாமல் போய் ஆளுநரிடம் போக வேண்டியதாயிற்று. புதிதாக எழுதச் சோம்பல்படும் சபைகளுக்கு வசதியாக நியம உப விதிகள் என்று ஆயத்தமாக ஒரு தொகுதி உண்டு, அதை அப்படியே ஏற்றுக்கொள்வதாகத் தீர்மானித்து அறிவித்துவிடலாம். குச்சவெளியில் விடுதி வைத்திருக்கிற ஒருவரிடம் ஏதாவது கட்டணம் கேட்டால், “எந்த உப விதி, எந்த வர்த்தமானி?” என்று மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை. சபைத் தீர்மானத்தின் பிரதியை மட்டும் காட்டினால் அது உப விதி ஆகாது.

நீதிமன்ற நடைமுறைக்கான விதிகளை உயர் நீதிமன்ற நீதியரசர்கள் செய்கிறார்கள், அது தனி வகை, சாதாரணமாக நம்மைத் தொடாது. நடைமுறைத் திகதியைக் குறிக்கும் கட்டளையும் அப்படிச் சின்ன விடயம் போலத் தெரியும், ஆனால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 ஜூனில் நிறைவேறி ஓகஸ்டில் சபாநாயகரின் சான்றுரை பெற்றும் 2017 பெப்ரவரி 3 ஆம் திகதிதான் முழுமையாகக் கைக்கு வந்தது, அந்தத் திகதிக்கும் அமைச்சரின் கட்டளை ஒன்று தேவைப்பட்டது. மாகாண சபைகள் தாமே போடும் நியதிச் சட்டங்களை இந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள், அவற்றுக்கு அதிகாரம் நேரே அரசியலமைப்பிலிருந்து வருகிறது.

மிச்சமிருப்பது அவசரகால ஒழுங்குவிதிகள். இவை மற்றவற்றைப் போல அல்ல. வழமையான துணைச் சட்டம் எந்தச் சட்டத்துக்கும் முரணாகக் கூடாது. ஆனால் 1947 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கப் பொதுப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஜனாதிபதி செய்யும் அவசரகால ஒழுங்குவிதி, அரசியலமைப்பைத் தவிர வேறெந்தச் சட்டத்தையும் மேவலாம், திருத்தலாம், இடைநிறுத்தலாம் என்று 155 ஆவது உறுப்புரை சொல்கிறது. பிள்ளை தாயைத் திருத்துகிற விசித்திரம். அதற்குத்தான் அவசரகாலப் பிரகடனத்தைப் பாராளுமன்றம் 14 நாட்களுக்குள் அங்கீகரிக்க வேண்டும் என்ற நிபந்தனை, அங்கீகரித்தாலும் ஒரு மாதம்தான், பிறகு திரும்பவும் பிரகடனம்.

சம்பூர்க்காரரிடம் கேட்டால் இந்த வகைகளைப் புத்தகம் இல்லாமலே சொல்வார்கள். 2007 மே 30 ஆம் திகதி அவசரகால ஒழுங்குவிதி ஒன்று மூதூர் கிழக்கையும் சம்பூரையும் அதியுயர் பாதுகாப்பு வலயமாக்கியது. 2011 ஓகஸ்டில் அவசரகால நிலை முடிவுக்கு வந்தது, அதன் கீழ் நின்ற ஒழுங்குவிதிகளும் நிற்க முடியாது. 2012 மே மாதம் முதலீட்டுச் சபைச் சட்டத்தின் கீழ் இன்னொரு வர்த்தமானி வந்து, கனரகக் கைத்தொழிலுக்கான விசேட வலயம் என்றது. 2015 மே மாதம் மூன்றாவது ஒன்று வந்து அதை இரத்துச் செய்து 818 ஏக்கரை விடுவித்தது, அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் வழக்கும் போனது. காணி அதே காணி, வேப்பமரமும் கிணறும் அதே இடத்தில். முதல் பந்தியில் உள்ள தாய்ச் சட்டம் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. அந்தக் காணியை விட்டு அகதி முகாமில் இருந்தவர்களுக்காக வாதாடியவர்கள் ஒவ்வொரு தடவையும் வேறு வாதத்தைத் தேட வேண்டியிருந்ததற்கு இதுதான் காரணம்.

இனி நீதிமன்றம். இங்கே பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி உண்டு. இலங்கையில் பாராளுமன்றம் நிறைவேற்றி, சபாநாயகர் சான்றுரை எழுதிய சட்டத்தை எந்த நீதிமன்றமும் பிறகு செல்லாது என்று சொல்ல முடியாது, 80 ஆவது உறுப்புரை அந்தக் கதவை மூடிவிட்டது. ஆனால் துணைச் சட்டத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதாவது “கெசட் வந்திட்டுது, ஒண்டும் செய்யேலாது” என்பதற்கு நேரெதிர்தான் உண்மை. கெசட்டில் வந்ததைத்தான் எதிர்க்கலாம்.

எதை வைத்து? தாய்ச் சட்டம் தந்த எல்லையைத் தாண்டியது, அடுத்த பாட்டில் வலை வளைத்தது என்று காட்டலாம். சட்டம் சொன்ன நடைமுறையை, உதாரணமாக ஒரு சபையைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்றதை, விட்டுவிட்டது என்று காட்டலாம். தன்னிடம் தந்ததை இன்னொருவரிடம் தள்ளிவிட்டது என்று காட்டலாம். அடிப்படை உரிமையைத் தொட்டது என்றும் வாதாடலாம். துண்டுப்பிரசுரம் விநியோகிக்கப் பொலிஸ் அனுமதி வேண்டும் என்ற அவசரகால ஒழுங்குவிதியை உயர் நீதிமன்றம் ஜோசப் பெரேரா எதிர் சட்டமா அதிபர் வழக்கில் வலுவற்றது என்றது, அது 1992 ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் இருக்கிறது.

இதைவிடப் பெரிய உதாரணம் நம் ஊருக்குள்ளேயே நடந்தது. 1987 ஆம் ஆண்டின் 42 ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டத்தின் 37 ஆவது பிரிவு, அடுத்தடுத்த மாகாணங்களைப் பிரகடனத்தால் ஒன்றாக்க ஜனாதிபதிக்கு இடம் தந்தது, ஆனால் ஆயுதங்கள் கையளிக்கப்பட்டு மோதல் நின்றிருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை வைத்தது. 1988 செப்டெம்பரில் ஜனாதிபதி ஜெயவர்தன அந்த நிபந்தனையை அவசரகால ஒழுங்குவிதி ஒன்றால் தளர்த்தினார், அதே மாதம் பிரகடனத்தையும் செய்தார். வடக்கு-கிழக்கு மாகாணம் பிறந்தது, திருகோணமலை அதன் தலைநகரானது. 18 வருடங்கள் கழித்து, 2006 ஒக்டோபர் 16 ஆம் திகதி உயர் நீதிமன்றம் அந்த ஒழுங்குவிதி சட்டம் கொடுத்த அதிகாரத்துக்கு வெளியே போனது, ஆகவே அதன் மேல் நின்ற பிரகடனமும் வலுவற்றது என்று தீர்த்தது. 2007 ஜனவரி 1 முதல் இரண்டு மாகாணம், வடக்குக்கான அலுவலகங்கள் பிறகு யாழ்ப்பாணம் போயின. தீர்ப்பின் அரசியலைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கும், எனக்கும் இருக்கிறது, இங்கே வேண்டாம். சட்டப் பாடமாகப் பார்த்தால், ஒரு பிரிவும் அதன் கீழ் ஒரு நிபந்தனையும் எவ்வளவு பாரத்தைத் தாங்கிக்கொண்டிருந்தன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

பாராளுமன்றமும் ஒரு கண் வைத்திருப்பதாகத்தான் ஏற்பாடு. பெரும்பாலான சட்டங்களில், ஒழுங்குவிதி வர்த்தமானியில் வந்தபின் வசதியான விரைவில் பாராளுமன்றத்தின் அங்கீகாரத்துக்கு வைக்கப்பட வேண்டும், அங்கீகரிக்கப்படாவிட்டால் அந்த நாளிலிருந்து இரத்து, ஆனால் அதற்கு முன் செய்யப்பட்டவை செய்யப்பட்டவையே என்று ஒரு பிரிவு இருக்கும். அந்தக் கடைசி வாசகத்தைப் பாருங்கள். விவாதம் வரும்போது உரம் இல்லாமலே போகம் கடந்திருக்கும், சீனிக் கப்பல் வந்து இறங்கியிருக்கும். என் அபிப்பிராயத்தில் கையளிப்பது பிழையல்ல, கையளித்தவர்கள் கேள்வி கேட்பதற்குள் வேலை முடிந்துவிடுவதுதான் பிழை. வெளியிடுமுன் பாதிக்கப்படுகிறவர்களிடம் வரைபைக் காட்டிக் கருத்துக் கேட்க வேண்டும் என்று எல்லாச் சட்டமும் சொல்வதில்லை.

எதிர்க்க நினைத்தால் நாட்கள் முக்கியம். அடிப்படை உரிமை மீறல் என்றால் 126 ஆவது உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போக வேண்டும், அந்த மாதம் பேச்சில் கழிந்துபோவது வழக்கம். அதிகாரியின் முடிவை இரத்துச் செய்யக் கேட்பது போன்ற எழுத்தாணை (ரிட்) மனுவென்றால் மேன்முறையீட்டு நீதிமன்றம். மாகாணப் பட்டியலில் உள்ள விடயமாக இருந்தால், உள்ளூராட்சி சபையின் உப விதி போல, கொழும்புக்கு ஓடத் தேவையில்லை, திருகோணமலையில் இருக்கிற மாகாண மேல் நீதிமன்றத்துக்கே அந்த அதிகாரம் உண்டு. போகுமுன் வர்த்தமானியின் தமிழ்ப் பிரதியோடு சிங்களப் பிரதியையும் எடுத்து வையுங்கள். பல சட்டங்களின் கடைசிப் பிரிவில் முரண்பாடு இருந்தால் சிங்கள வாசகமே மேலோங்கும் என்று எழுதியிருக்கிறது, ஓர் எல்லைக்கல்லின் பெயர் இரண்டு பிரதியிலும் ஒத்துப்போகிறதா என்று முதல் நாளே பார்த்துக்கொள்வது நல்லது.